மூடியைத் தூக்கிப் பாருங்கள், சார்

போன இதழில் பூச்சி தின்னும் செடிகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இலை நுனியில் மூடி வைத்த குடுவையைத் தாங்கி அதில் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியை வைத்திருப்பவர்களுடையவை. ரோஜா இலையில் கரும்புள்ளி, ஆரஞ்சு காய்க்கவில்லை என்று எழுதியவர்கள் இந்த ஒரு மாதம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மே மாத சீசனில் ஊட்டியில் சாலையோரக் கடை ஒன்றில் தொங்கும் தொட்டியில் குடுவைச் செடி வாங்கினேன். கடைக்காரர், "இது ராஜா வகை, போர்னியோ செடி" என்றார். பக்கத்து வீட்டு நண்பரோ, "இது மேகாலயா செடி, வீட்டில் வைத்திருந்தால் வழக்கு வரும்" என்று பயமுறுத்துகிறார். இது என்ன இனம்? நாமே பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டா? நான்கு படங்களும் காய்ந்து விழுந்த குடுவை ஒன்றும் அனுப்பியிருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி

பதில்: சார், பொட்டலம் பத்திரமாக வந்து சேர்ந்தது. வர்க்கி வாங்கிய அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து, குடுவையைக் குழந்தை மாதிரி படுக்கவைத்து அனுப்பியிருந்தீர்கள். பிரித்ததும் வந்தது வர்க்கி வாசனை. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து ஏமாந்து போனார்.

கடைக்காரர் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். இது ராஜா இல்லை. நெப்பந்தஸ் என்பது குடுவைச் செடியின் தாவரவியல் பெயர். நெப்பந்தஸ் ராஜா காட்டில் வளர்வது உலகத்திலேயே இரண்டு மலைகளில்தான்: போர்னியோவின் கினபாலு, அதன் பக்கத்திலுள்ள தம்புயுகோன். அங்கேயும் 1500 மீட்டரிலிருந்து 2650 மீட்டர் உயரத்துக்குள். அதன் குடுவை அந்தரத்தில் தொங்காது, தரையில் குந்தி உட்கார்ந்திருக்கும். பெரிய குடுவையில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். ஆனால் உங்கள் குடுவை சிறியது என்பதால் நான் இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் முதல் படத்தில் இலை ஒரு சாணுக்கு மேல் நீளம், கொடியும் ஓடத் தொடங்கிவிட்டது. இந்த வளர்ச்சியில் ராஜாவாக இருந்தால், குடுவையைத் தாங்கும் பற்றுக்கம்பி இலையின் நுனியிலிருந்து வராது. நுனிக்குச் சற்று முன்னாலேயே, இலையின் அடிப்பக்கத்திலிருந்து கிளம்பும். தாமரை இலைக்குக் காம்பு விளிம்பில் சேராமல் அடியில் சேர்கிறதே, அந்த மாதிரி. உங்கள் செடியில் இலையின் நடுநரம்பு அப்படியே நீண்டு நுனியில் கம்பியாகிறது. இந்த ஒரு அடையாளம் போதும்.

நண்பர் சொன்ன மேகாலயா செடிக்கு வருகிறேன். அதன் பெயர் நெப்பந்தஸ் காசியானா. இந்தியாவில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி அது ஒன்றுதான். காசி, கரோ, ஜெயின்டியா மலைகளில் உண்டு. கரோ மக்கள் அதை "மேமாங் கோக்சி" என்கிறார்கள், பேயின் கூடை என்று பொருள். தாவரவியல் பெயர் வைத்தவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 1873-இல். நண்பர் பயமுறுத்தியதில் பாதி உண்மைதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காசியானாவுக்குப் பாதுகாப்பு உண்டு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் (CITES) முதல் பட்டியலிலும் இருக்கிறது. குடுவைச் செடிகளில் அந்தப் பட்டியலில் உள்ளவை இரண்டே, இன்னொன்று நம் ராஜா. ஆக, கடைக்காரரும் நண்பரும் சேர்ந்து, தேடித் தேடி உங்களை மாட்டிவிடும் இரண்டு பெயர்களைச் சொல்லியிருக்கிறார்கள்!

சரி, இது எது? இதைச் சொல்வதற்கு முன்னால் நான் அவமானப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. குன்னூரில் ஒரு நர்சரியில் வேலை பார்த்த காலம். கண்ணாடிக் கூடத்தில் மலேசிய மலைச்செடி சாங்குவினியா வளர்த்தோம். தொட்டி மட்டத்தில் குண்டுக் குண்டாக, முன்பக்கம் இரண்டு இறக்கை வைத்து, ரத்தச் சிவப்பில் குடுவைகள். மேலே கூரைக் கம்பியைப் பிடித்து ஏறிய இடத்தில் ஒல்லியாக, புனல் மாதிரி, மஞ்சள் பச்சையில் வேறு குடுவைகள். நான் இரண்டு பெயர்ச்சீட்டு எழுதி, இரண்டு விலை போட்டுவிட்டேன். செடி வாங்க வந்த ஒரு பெரியம்மா மேல் குடுவையிலிருந்து தண்டை விரலால் தடவிக்கொண்டே கீழே வந்து, அதே தொட்டி மண்ணில் விரலை ஊன்றி, "தம்பி, இது ஒரே வேர்தானே?" என்றார். எனக்கு அப்போது அங்கே ஆறு வருட அனுபவம்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, கையில் இருப்பது கீழ்க்குடுவையா மேல்குடுவையா என்பதுதான். பெரும்பாலான இனங்கள் ஒரே கொடியில் இரண்டையும் போடும். கீழ்க்குடுவையின் வாய் கம்பியைப் பார்த்தபடி இருக்கும், முன்னால் இரண்டு இறக்கை, அதில் மயிர் மாதிரி விளிம்பு. மேல்குடுவையில் கம்பி முதுகுப்பக்கமாக வந்து சேரும், வாய் வெளியே பார்க்கும், இறக்கை தேய்ந்து வெறும் கோடாகிவிடும். கம்பி பக்கத்துக் குச்சியை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கும். நீங்கள் அனுப்பியது கீழ்க்குடுவை. படங்களில் மூன்றாவதில் மட்டும் மேலே ஒரு குடுவை பாதி தெரிகிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காய்ந்த குடுவையை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டேன். காய்ந்த மிளகாய் தண்ணீரில் உப்புவது போல மெல்ல உருவம் திரும்பியது. சன்னல் ஓரம் வைத்து, தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்தேன். உயரம் 14 சென்டிமீட்டர். அடி உருண்டை, நடுவுக்குச் சற்று மேலே லேசான இடுப்பு, பிறகு மறுபடி விரிகிறது. இந்த இடுப்புதான் முதல் துப்பு. காசியானாவின் குடுவை அடியில் கொஞ்சம் பருத்து, மேலே ஏறக்குறைய நேர்க்குழாயாகப் போகும். இப்படி இடை ஒடுங்காது.

அடுத்தது இறக்கை. முன்பக்கம் தடவினால் இரண்டு மேடு தட்டுப்படுகிறது. மேல் பாதியில் மட்டும் ஐந்தாறு மயிர்கள், அவ்வளவுதான். கீழ்க்குடுவையாக இருந்தும் இறக்கை இவ்வளவு தேய்ந்திருப்பது சாதாரணம் இல்லை. பிலிப்பைன்ஸ் மலைகளில் வென்ட்ரிகோசா என்று ஒரு இனம் உண்டு. இடுப்பு நன்றாக ஒடுங்கி, நம் ஊர்க் குடுக்கை மாதிரி இருக்கும். அதற்கு இறக்கை கிடையாது. மேல்குடுவைக்கும் கீழ்க்குடுவைக்கும் பெரிய வித்தியாசமும் கிடையாது. ஆக, வென்ட்ரிகோசாவின் சாயல் இருக்கிறது, ஆனால் அசல் வென்ட்ரிகோசா இல்லை. இடுப்பு போதவில்லை, இறக்கையும் முழுதாகப் போகவில்லை.

இப்போது மூடி. எல்லோரும் மூடியை மேலிருந்து பார்த்து "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடையாளம் அடியில் இருக்கிறது. ஊறிய மூடியைப் பல்குத்தும் குச்சியால் நிமிர்த்திப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க ஊசி முனையால் குத்திய மாதிரி சின்னச் சின்னக் குழிகள், அவைதான் தேன் சுரப்பிகள். மூடி குடுவையோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், நடுக்கோட்டில், அரிசி நொய் அளவுக்கு ஒரு முண்டு. படகின் அடிக்கட்டை மாதிரி நீளவாக்கில் இருந்தது. நகத்தால் நெருடிப் பார்த்தேன், அழுக்கு இல்லை, சதைதான். வென்ட்ரிகோசாவின் மூடியில் இந்த முண்டு வராது. அதே பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கிராசிலிஃப்ளோராவுக்கு உண்டு. செடி வியாபாரத்தில் வெகுகாலம் அலாட்டா என்று சொல்லி விற்றது பெரும்பாலும் அதைத்தான். 2013-இல் தாவரவியலாளர்கள் அலாட்டா கூட்டத்தைப் பிரித்து ஒழுங்குபடுத்தியபோது பெயர் மாறியது. கடைச்சீட்டுகள் இன்னும் மாறவில்லை.

இலையின் அடியையும் உங்கள் இரண்டாவது படத்தில் பார்த்தேன். வென்ட்ரிகோசாவுக்குக் காம்பு இல்லை, இலை அப்படியே தண்டில் உட்காரும். உங்கள் செடியில் இலை குறுகிக் குறுகி, ஓரம் வைத்த காம்பு மாதிரி ஆகித் தண்டைப் பிடிக்கிறது. அதுவும் இரண்டுங்கெட்டான்.

ஆக, அப்பா அம்மா இரண்டு பேரின் சாயலும் கலந்த பிள்ளை. வென்ட்ரிகோசாவும் கிராசிலிஃப்ளோராவும் சேர்ந்த கலப்பு, வென்ட்ராட்டா என்று பெயர். உலகம் முழுக்க நர்சரிகளில் அதிகமாக விற்கும் குடுவைச் செடிகளில் இதுவும் ஒன்று. வெட்டி நட்டால் பிழைக்கும், கைப்பழக்கம் இல்லாதவரையும் மன்னிக்கும். காட்டிலிருந்து பிடுங்கியதாக இருக்க வாய்ப்பு இல்லை. நண்பருக்குத் தைரியமாகச் சொல்லுங்கள். கடைக்காரருக்கும் சொல்லலாம், ஆனால் அவர் அடுத்த சீசனிலும் ராஜாவைத்தான் விற்பார்.

நிறத்தைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை, கவனித்தீர்களா? "சிவப்பாக இருக்கிறது, என்ன இனம்?" என்று மட்டும் எழுதி மாதத்துக்குப் பத்துப் பேர் கேட்கிறார்கள். வெயில் கூடினால் சிவக்கும், நிழலில் வெளுக்கும். உங்கள் வீட்டுக் கிழக்குச் சன்னலில் ஒரு நிறம், மேற்கில் வேறு நிறம். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கவனிப்பு: மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். தொட்டிக்கு உரம் வேண்டாம். சாணம் கூடவே கூடாது. குடுவைக்குள் சோற்றுப்பருக்கை போடும் பேரப்பிள்ளை இருந்தால் கண்காணியுங்கள். மலைச்செடி என்பதால் கோத்தகிரியின் குளிர்ந்த இரவு அதற்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும், ஆனால் உறைபனி ஆகாது. டிசம்பர், ஜனவரியில் தாழ்வாரத்துக்குள் கொண்டுவாருங்கள். தொட்டியில் நிரப்பப் பாசி வேண்டுமென்று சோலைக்குள் போய் மரத்திலிருந்து உரித்துக்கொண்டு வராதீர்கள். தேங்காய் மட்டைத் துண்டும் பெர்லைட்டும் போதும்.

கேள்வி: இணையத்தில் "நெப்பந்தஸ் ராஜா, 20 விதைகள்" என்று வாங்கினேன். கடுகு மாதிரி உருண்டையாக, கறுப்பாக இருக்கின்றன. ஊறவைத்து விதைக்க வேண்டுமா?
— கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: தாளித்துவிடலாம் தம்பி. கோபித்துக்கொள்ள வேண்டாம். குடுவைச் செடி விதை எந்த இனத்திலும் உருண்டையாக இருக்காது. நூல் துணுக்கு மாதிரி, இரண்டு பக்கமும் வால் வைத்து, நடுவில் மட்டும் சின்னதாக ஒரு புடைப்போடு இருக்கும். ஊதினால் பறந்துவிடும், காற்றில் போவதற்கென்றே அமைந்த விதை. காய் நாலாக வெடித்து இதைக் கொட்டும். அதற்குக்கூட ஆண் செடி தனி, பெண் செடி தனி, இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். முளைப்புத்திறனும் சீக்கிரம் போய்விடும். இவ்வளவையும் தாண்டி, முதல் பட்டியலில் உள்ள செடியின் விதையை யாரோ உறையில் போட்டு நூறு ரூபாய்க்கு அனுப்புகிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? உங்களுக்கு வந்தது என்ன விதை என்று தெரிய வேண்டுமானால் ஐந்தை மட்டும் ஒரு கப்பில் விதைத்துப் பாருங்கள். கீரையாக வந்தால் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பருவமழை சமயத்தில் சோலைக்குள் நடந்தபோது தரையிலிருந்து ஒற்றைத் தண்டில் மூடி வைத்த குடுவை நிற்பதைப் பார்த்தேன். வெளியே பாம்புத் தோல் மாதிரி கோடு. பழனி மலையில் காட்டுக் குடுவைச் செடி இருக்கிறது என்று யாருமே எழுதவில்லையே?
— குடும்பத்தலைவி, கொடைக்கானல்

பதில்: இருந்தால்தானே அம்மா எழுதுவார்கள். நீங்கள் பார்த்தது அரிசீமா, ஆங்கிலத்தில் கோப்ரா லில்லி என்பார்கள். சேனைக்கிழங்கின் உறவு. அது இலை இல்லை, பூங்கொத்தைச் சுற்றிய மடல். அடுத்த முறை பார்த்தால் மடலின் முன்பக்கத்தை லேசாக விலக்கிப் பாருங்கள், நடுவில் ஒரு தண்டு நிற்கும். குடுவைச் செடிக்குள் அப்படித் தண்டு இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அப்புறம், குடுவைச் செடியின் குடுவை இலை நுனிக் கம்பியில் வரும், மண்ணிலிருந்து நேராகக் கிளம்பாது. மண்ணிலிருந்து கிளம்பும் குடுவை வேண்டுமென்றால் அமெரிக்கச் சாரசீனியா உண்டு. அது தோட்டக்காரர்கள் வைத்தால்தான் இங்கே நிற்கும்.

ஆனால் அரிசீமாவை இளப்பமாக நினைக்காதீர்கள். அதுவும் பூச்சியைப் பிடிக்கிற ஆள்தான், தின்பதற்காக அல்ல. பூஞ்சை தேடி அலையும் சிறு கொசு ஈக்களை உள்ளே இறக்கும். ஆண் மடலின் அடியில் சின்ன இடைவெளி இருக்கும், மகரந்தத்தைப் பூசிக்கொண்டு பூச்சி அதன் வழியாகத் தப்பிவிடும். பெண் மடலில் அந்த வாசல் கிடையாது. மகரந்தத்தோடு உள்ளே போன பூச்சி அங்கேயே கிடந்து சாகும். இன்னொரு விஷயம், கிழங்கு சிறிதாக இருக்கும் வருடம் ஆணாகப் பூக்கும் செடி, கிழங்கு பெருத்த பிறகு பெண்ணாகப் பூக்கும்.

நிஜமாகவே பூச்சி தின்னும் செடியை உங்கள் ஊரில் பார்க்க வேண்டுமானால் சோலைக்குள் போகாதீர்கள். மழைக்காலத்தில் புல்வெளியில், தண்ணீர் கசியும் சரிவில், குனிந்து தேடுங்கள். பிறை வடிவில் சின்ன இலைகள், அதில் சிவந்த மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் பனித்துளி மாதிரி பசை. டிரோசெரா என்பது அதுதான். இந்தக் குடும்பத்துச் செடிகளைத்தான் சித்த வைத்தியத்தில் அழுகண்ணி என்று பலர் காட்டுகிறார்கள். பெயர் வைத்தவர் அந்தத் துளியை உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். பிடுங்க வேண்டாம்.

கேள்வி: குடுவைச் செடி வைத்தால் வீட்டில் கொசு குறையுமா?
— வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: குறையாது. அதில் விழுவது பெரும்பாலும் எறும்பு. காட்டில் சில கொசு வகைகள் அந்தக் குடுவைத் தண்ணீருக்குள்ளேயே முட்டையிட்டுப் புழு வளர்க்கின்றன. வலை அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன இதழில் வந்த குடுவைச் செடிப் படத்தைப் பார்த்ததும் என் பாட்டி, "இது பந்துரா, சிலோனில் ரோட்டோரமெல்லாம் கிடக்கும்" என்றார். இரத்தினபுரிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். அவர் சொல்வது சரியா? இங்கே வளர்க்கலாமா?
— தேயிலைத் தோட்டத் தொழிலாளி மகள், கூடலூர்

பதில்: பாட்டி பெயரோடு சரியாகச் சொல்லியிருக்கிறார். சிங்களத்தில் பந்துராதான். தாவரவியல் பெயர் நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியா. இலங்கையில் இருக்கும் ஒரே குடுவைச் செடி அது, வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இல்லை. நெப்பந்தஸ் என்ற பெயரே ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. கிரேக்கக் காவியத்தில் துக்கத்தை மறக்கடிக்கும் மருந்துக்கு அந்தப் பெயர். இந்தக் குடுவையை முதல்முறை பார்க்கிற தாவரவியலாளன் வழியெல்லாம் பட்ட கஷ்டத்தை மறந்துவிடுவான் என்று நினைத்து வைத்தாராம். இரத்தினபுரி பக்கம் வேலை செய்தவரைக் கேட்டால் அட்டைக்கடி மறக்காது என்பார்.

படத்தில் வந்தது பந்துரா இல்லை, பிலிப்பைன்ஸ் செடி. ஆனால் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். கொடி, கம்பி, மூடி எல்லாம் ஒரே ஜாடைதான். வித்தியாசம் அது வளரும் உயரத்தில் இருக்கிறது. பந்துரா இலங்கையின் தென்மேற்குத் தாழ்நிலத்து ஈரக்காட்டுச் செடி, புழுக்கம் பிடிக்கும். ஊட்டியில் வைத்தால் சுருண்டுவிடும். கூடலூர் வெப்பமும் மழையும் ஓரளவு ஒத்துக்கொள்ளும், ஆனால் முறையாக வளர்த்த செடி கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். சொந்தக்காரர் யாராவது இலங்கையிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பாட்டி சின்ன வயதில் அந்தக் குடுவையைக் கிழித்து உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்திருப்பார், எந்தப் பிள்ளையும் பார்க்காமல் விடாது. கேட்டு எழுதுங்கள். கோத்தகிரி சாரின் குடுவையில் பதினொரு எறும்புத் தலையும் ஒரு ஈயின் இறக்கையும் இருந்தன.